புத்தாண்டுச் சங்கல்பம்: தை முதல் சித்திரை வரை

ஏற்காட்டில் ஜனவரி முதல் தேதி என்பது, காப்பித் தோட்டங்களில் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருக்க, பனிமூட்டத்தில் சில்வர் ஓக் மரங்களின் அடிமரம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற காலை வேளைகளில், ஆளும் போதாமல் பொழுதும் போதாமல் எல்லோரும் அல்லாடுகிற பருவத்தின் நடுவே வந்து நிற்கிற நாள். அப்படிப்பட்ட நாளில், முந்தைய இரவின் உற்சாகத்தில் எழுதிய தீர்மானங்கள் நிலைக்காமற்போவதில் ஆச்சரியம் இல்லை. நானும் ஓர் ஆண்டு பதினொரு தீர்மானங்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்கள். கிழித்தது நான்கு நாள் கழித்துத்தான் என் கவனத்துக்கு வந்தது.

அதற்குப் பின் நான் கைக்கொண்ட கிரமத்தையே இந்த அத்தியாயத்தில் விவரிக்கிறேன். ஜனவரியின் முதல் பதினான்கு நாட்கள் பரிசோதனைக்கு. தை முதல் நாள் ஆரம்பம். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்கள் அப்பியாசம். சித்திரை முதல் நாள் கணக்குப் பார்த்தல். தையில் பறிப்பின் வேகம் தணியத் தொடங்கும், மாசியில் மிளகு, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால், ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடிகள் கிளை தெரியாமல் வெள்ளை பூத்துவிடும். மலையின் வேலை எந்த ஒழுங்கில் நகர்கிறதோ அதே ஒழுங்கில் நம் சங்கல்பமும் நகர்ந்தால், அது வேலையோடு சண்டையிடாமல் பிழைத்துக்கொள்ளும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு

மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் குறிப்பிட்டு, அவை அனைத்தையும் களைய முடிந்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. குறைந்த கல்வி, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொலஸ்ட்ரால், உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகை, மது, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பவை அவை. குறுக்கெழுத்துப் போட்டி போடாமை இந்தப் பட்டியலில் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஞாபகசக்தியைக் காக்க விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் புதிர்ப் புத்தகக் கடை அன்று. ரத்த அழுத்தம் பார்க்கிற இடமும், காது பார்க்கிற இடமுமே.

முதல் பக்ஷம்: ஜனவரி 1 முதல் 14 வரை

இந்தப் பதினான்கு நாட்களில் எந்தப் புதுப் பழக்கத்தையும் ஆரம்பிக்க வேண்டாம்.

1. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதற்பக்கத்தில் வயது, எடை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். கைப்பேசியில் எழுதாதீர்கள், வீட்டார் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

2. ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காப்பி, புகை இரண்டும் கூடாது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, கை இருதய மட்டத்தில் மேசைமேல் இருக்க, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நாற்பது வயதிலிருந்தே மேல் எண் 130-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது மூளைக்கு நல்லது.

3. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக்கு வருகிற நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கண்ணைப் பரிசோதியுங்கள். கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

5. காதைப் பரிசோதியுங்கள்.

இந்த ஐந்தாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா எழுபத்திரண்டு வயதுவரை தோட்டத்துக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவர். பல ஆண்டுகள் பல்பர் இயந்திரத்தின் அருகே நின்று பழம் பிழிவதை மேற்பார்த்தவர். அவர் கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் சொல்லவும், சொன்னதைத் திரும்பக் கேட்கவும், வீட்டில் நான்கு பேர் கூடிப் பேசும்போது எழுந்து திண்ணைக்குப் போய்விடவும் தொடங்கியபோது, வயதாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்து, அவரிடம் கணக்கு நோட்டைக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். ஒரு நாள் அவருடைய பேத்தி, அவர் இடப்பக்கம் உட்காராமல் வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்து, அன்றைய பறிப்பு எத்தனை கிலோ என்று கேட்டாள். அவர் பிசகாமல் சொன்னார். முந்தைய நாளையதையும் சேர்த்துச் சொன்னார். இடக்காது ஏறக்குறைய முற்றிலும் போயிருந்தது; வலக்காதில் பாதியை மெழுகு அடைத்திருந்தது. மெழுகை எடுத்து, கேள்கருவி பொருத்தி, இரண்டு மாதம் பழகிய பின் கணக்கு நோட்டு அவர் கைக்கே திரும்பிப் போனது. இடையில் ஓராண்டுக் காலம் அந்த மனிதரை நாங்கள் தனிமையில் உட்காரவைத்தோம் என்பது இன்றும் எனக்கு வேதனை தருகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் திண்ணைக்கு நகர்கிறார் என்றால், முதலில் காது.

*எச்சரிக்கை:* காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், கொண்டை ஊசியால் மெழுகு எடுப்பதும் செவிப்பறையைக் கெடுத்துவிடும், இரண்டையும் செய்யாதீர்கள்.

சங்கல்பத்தை எழுதும் முறை

தை முதல் நாளுக்கு முந்தைய இரவு, நோட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு சங்கல்பங்களுக்கு மேல் எழுத வேண்டாம். பரிசோதனையில் வெளிப்பட்ட குறை எதுவோ அதற்கு ஒன்று, மனத்துக்குப் பிடித்தது ஒன்று.

1. ஏற்கனவே நாள்தோறும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள்: பால் வாங்குதல், விளக்கேற்றுதல், பிள்ளையைப் பள்ளியில் விடுதல்.

2. புதிய பழக்கத்தை அதன் வாலில் கட்டுங்கள். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்பது சங்கல்பம் ஆகாது. ‘பிள்ளையைப் பள்ளியில் விட்டதும், வீடு திரும்பாமல், படகு இல்லத்திலிருந்து ஏரிக்கரைச் சாலையில் பத்து நிமிஷம் நடப்பேன்’ என்பது சங்கல்பம்.

3. மிகக் கெட்ட நாளிலும் செய்யக்கூடிய குறைந்தபட்ச அளவைப் பக்கத்தில் எழுதுங்கள். மழை, விருந்தாளி, காய்ச்சலுக்குப் பிந்திய அசதி ஆகிய எது வந்தாலும் அந்த அளவு நடக்க வேண்டும்; என் குறைந்தபட்சம் வாசலிலிருந்து தபால் பெட்டிவரை.

4. ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சபதமாக அல்ல, அவர் ஞாயிறுதோறும் ‘இந்த வாரம் எத்தனை நாள்?’ என்று கேட்பதற்காக.

5. செய்த நாளுக்கு ஒரு புள்ளி. செய்யாத நாளைக் காலியாக விடுங்கள். காரணம் எழுத வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு நாட்கள் காலியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நடை

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான தேக அப்பியாசத்தைப் பரிந்துரைக்கிறது. அதாவது வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். மிதமானது என்பதற்கு எளிய அடையாளம், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்பதே. தையில் பத்து நிமிஷம், மாசியில் இருபது, பங்குனியில் முப்பது என்று ஏற்றுங்கள். தை மாதம் முழுவதும் ஏரியைச் சுற்றியுள்ள சமமான பாதையை விட்டு வெளியே போக வேண்டாம்; மாசியில் லேடீஸ் சீட் பக்கம் ஏறலாம்; பங்குனியில், முழங்கால் ஒத்துழைத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பகோடா பாயிண்ட்வரை. சேர்வராயன் கோயில் உச்சிக்கு நடந்தே போவதை முதல் ஆண்டில் இலக்காக வைக்காதீர்கள்.

தோட்டத்தில் காலை முதல் மாலைவரை கூடையோடு சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு இந்தப் பகுதி தேவையே இல்லை. அவர் தேகம் வேண்டிய உழைப்பைத் தந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஓய்வும், முன்சொன்ன பரிசோதனைகளுமே.

*பாதுகாப்பு:*

- ரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் மார்கழி, தைக் குளிரில் விடியுமுன் நடக்க வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நடக்கலாம்.
- பனிமூட்டத்தில் வெளிர்நிற மேலாடை அணிந்து, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடங்கள்.
- காட்டெருமை நிற்கிற தோட்டப் பாதையில் முன்னே போகாதீர்கள். படம் பிடிக்க நிற்காமல், ஓசையின்றி வந்த வழியே திரும்புங்கள்.
- இறக்கத்தில்தான் முழங்கால் நோகும். கைத்தடி கௌரவக் குறைச்சல் அல்ல.
- நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

உறக்கமும் காப்பியும்

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, வந்தவருக்கெல்லாம் எந்நேரமும் காப்பி கொடுப்பது இங்கே மரியாதையாகிவிட்டது. அந்த மரியாதைக்குள்ளேதான் உறக்கக் கேடும் இருக்கிறது. காப்பியின் ஊக்கப்பொருளில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பி இரவு பத்து மணிக்கும் பாதி விழித்திருக்கும். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும்.

1. கடைசிக் காப்பியைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடியுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். வாரத்துக்கு ஒரு மணி நேரமாக முன்தள்ளுங்கள்.
2. மாலைக்குச் சுக்கு மல்லி. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவுக்காரர் மறக்கக்கூடாது.
3. எழுகிற நேரத்தை நிலைப்படுத்துங்கள். படுக்கிற நேரம் தானாகப் பின்தொடரும்.
4. பலத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருப்பதாக வீட்டார் சொன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*எச்சரிக்கை:* குளிருக்காகக் கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குகிறவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும். இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்திக்கு வேலை

நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய பரிச்சயம் உண்டு. நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒரே வேளையில் பல பேர் கேட்பவற்றையும் செய்பவற்றையும் சிந்தையில் நிறுத்தி, ஒன்றோடொன்று கலவாமல் விடை சொல்லும் வித்தை அது. வீட்டில் அதன் சிறு உருவை ஆடிப் பார்க்கலாம்: ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, இன்னொருவர் இடையிடையே மணியை அடிக்க, முடிவில் வாசித்த செய்தியின் சாரத்தையும் மணியோசையின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் இதை விடமாட்டார்கள்.

ஆனால் இத்தகைய பயிற்சியால் பயின்ற விஷயத்திலேதான் பெரும்பாலும் தேர்ச்சி கூடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஞாபகசக்தியை வளர்ப்பதாகச் சொல்லி விற்கும் மாத்திரைக்கும் செயலிக்கும் பணம் கட்டுவதைவிட, புதிதாக ஒன்றை, மனிதர்களோடு சேர்ந்து கற்பதே நல்லது. இரண்டு உபாயங்கள்:

*ஒரு மொழி.* ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழி பேசுவோருக்கு நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தியே தோன்றியது தெரியவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. இது உத்தரவாதம் அன்று. ஆயினும், சேலத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பாட்டியோடு போய்விடுகிற இக்காலத்தில், அந்தப் பாட்டியிடம் நாளைக்கு ஐந்து வாக்கியம் பேசுவது அவருக்கும் நமக்கும் நன்மை.

*ஒரு செடி.* இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் ஏற்காட்டில் அமைத்த ஆர்க்கிட் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போய், நான்கு செடிகளை மட்டும் நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து, பார்க்காமல் நோட்டில் வரைந்து பெயர் எழுதுங்கள். அடுத்த மாதம் போகும்போது சரிபாருங்கள். வேரை மரத்தின்மேல் விரித்துப் பற்றியிருக்கும் ஓர் ஆர்க்கிட்டை நான் மூன்று முறை வரைந்தேன். மூன்றாம் முறைதான் வேரின் நுனி பச்சையாக இருப்பதைக் கண்டேன்.

தலையைக் காத்தல்

சேலத்திலிருந்து ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கும் பின்னால் அமர்கிறவருக்கும், கடைக்குப் போகிற ஒரு கிலோமீட்டருக்கும் உண்டு. வாரைப் பூட்டாத கவசம் கவசமே அன்று. மாசியில் மிளகு பறிக்க ஏணி ஏறுகிறவர், ஏணியின் தலையை மரத்தோடு கட்டிய பிறகே ஏறட்டும். கீழே ஓர் ஆள் பிடித்திருக்கட்டும். விழுந்தவர் சற்று நேரம் நினைவிழந்து எழுந்தாலும், வாந்தி எடுத்தாலும், ‘சரியாகிவிட்டது’ என்று அவரே சொன்னாலும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மனமும் துணையும்

தோட்ட வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பவை. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டபின் நாட்கணக்கில் மனிதக்குரல் கேளாமல் இருப்போர் இங்கே பலர். வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில், குறித்த ஒருவரைப் பார்ப்பதைச் சங்கல்பமாகவே எழுதலாம். சந்தை நாளில் உடன் போவதும் போதும்.

மனம் சோர்ந்தோ, எதிலும் நாட்டமின்றியோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதை மன உறுதியால் வென்றுவிடலாம் என்று எண்ணாதீர்கள். அது வைத்தியம் உள்ள நோய். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே அழையுங்கள். பக்கத்தில் ஒருவரை இருத்திக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நேரும் பிழைகள்

ரத்த அழுத்தம் சரியாகிவிட்டதென்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல். இது மிகப் பெரிய பிழை, சரியானது மாத்திரையால்தான். முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் நடந்து, இரண்டாம் வாரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தல். நான்கு நாள் தவறியதற்காக நோட்டையே தூக்கி எறிதல். பெரியவரிடம் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று எல்லோர் முன்னும் பரீட்சை வைத்தல். அவர் அன்றோடு பேசுவதைக் குறைத்துக்கொள்வார்.

காலம் தாழ்த்தக்கூடாதவை

வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம்.

1. அறிகுறி தொடங்கிய மணியை எழுதுங்கள். எழும்போதே இருந்தால், கடைசியாக நலமாக இருந்த மணியை எழுதுங்கள்.
2. 108-ஐ அழையுங்கள்.
3. நீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள்.
4. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மலையிறங்கிச் சேலம் சேரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

மறதி வேறு வகை. சாவியை வைத்த இடம் மறப்பது எவருக்கும் உண்டு. பழகிய பாதையில் வழி தவறுதல், சமைக்கும் கிரமம் குழம்புதல், பணம் எண்ணத் தடுமாறுதல் ஆகியவை மாதக்கணக்கில் கூடிவந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றால் வரும் மறதி வைத்தியத்தில் தேறக்கூடியது.

சித்திரை முதல் நாள்

காலை உணவுக்குப்பின் நோட்டோடு உட்காருங்கள்.

1. ரத்த அழுத்தத்தை, முன்சொன்ன விதிப்படி, மறுபடி அளந்து ஜனவரி எண்ணின் அருகே எழுதுங்கள்.
2. புள்ளிகளை எண்ணுங்கள். ஏறத்தாழ தொண்ணூறு நாளில் அறுபதுக்கு மேல் இருந்தால் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. அதை விட்டுவிடாமல், மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்.
3. முப்பதுக்குக் குறைந்தால் பழக்கத்தை மாற்றாதீர்கள். கட்டிய கொம்பை மாற்றுங்கள். காலைக்குப் பதில் மாலை, தனியாக என்பதற்குப் பதில் துணையோடு.
4. மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வந்து, ஏரிக்கரை முழுவதும் வண்டியும் ஜனமுமாக நிறைந்துவிடும். நடை நேரத்தைக் காலை ஆறரைக்கு மாற்றுவதாக இன்றே நோட்டில் எழுதி, ஞாயிறுதோறும் கேட்கிற அந்த ஒருவருக்கும் சொல்லிவிடுங்கள்.